ஆற்றின் உயிரும் மாட்டுப்பண்ணையின் கணக்கும்

1987-ஆம் ஆண்டு நியூசிலாந்து உயர் நீதிமன்றத்தின் முன் வந்த அந்த வழக்கு, பார்வைக்கு மிகச் சிறியது. வைக்காட்டோ ஆற்றில் சேரும் ஓர் ஓடையில், பால் கறக்கும் கொட்டகையின் கழிவுநீரை விட்டுக்கொள்ள ஒரு மாட்டுப்பண்ணைக்கு வைக்காட்டோ பள்ளத்தாக்கு ஆணையம் அனுமதி தந்திருந்தது. கொட்டகையைக் கழுவிய தண்ணீர், அதில் கரைந்த சாணமும் மூத்திரமும், குட்டையில் தேங்கித் தெளிந்து பிறகு ஓடைக்குப் போகும். அந்நாளில் அந்த நாட்டுப் பண்ணைகள் பலவற்றில் அதுவே வழக்கம். அனுமதியை எதிர்த்து வந்தது ஹுவாக்கினா வளர்ச்சி அறக்கட்டளை என்ற மாவோரி மக்களின் அமைப்பு. கழிவு எவ்வளவு தெளிந்திருக்கிறது என்ற கேள்வியோடு அவர்கள் நிற்கவில்லை. ஆற்றுக்கு உயிர் இருக்கிறது, மாட்டுக்கழிவு நேராக அதில் கலந்தால் அந்த உயிர் குலைகிறது என்றார்கள்.

இதை ஒரு நீதிமன்றம் காதில் வாங்கலாமா? அன்றைய நீர்ச் சட்டம் 1967-இல் எழுதப்பட்டது. அதில் ஆறு என்றால் மின்சாரம் எடுக்கவும் பாசனம் செய்யவும் கழிவு கரைக்கவும் மீன் பிடிக்கவும் உதவும் ஒரு வளம். வழக்கை முதலில் விசாரித்த திட்டமிடல் தீர்ப்பாயம், ஆன்மிக மதிப்பீடுகளைக் கணக்கில் கொள்ளச் சட்டத்தில் இடமில்லை என்று கருதியது. உயர் நீதிமன்ற நீதிபதி சில்வெல் அதை ஏற்கவில்லை. 1840-இல் பிரிட்டிஷ் அரசும் மாவோரித் தலைவர்களும் கையெழுத்திட்ட வைத்தாங்கி உடன்படிக்கை அந்த நாட்டுச் சமூகத்தோடு பின்னிப் பிணைந்தது என்றும், ஆற்றோடு மாவோரிகளுக்கு உள்ள ஆன்மிக உறவைப் பற்றிய சாட்சியத்தை ஒதுக்கித் தள்ள முடியாது என்றும் அவர் தீர்ப்பளித்தார். உலகில் எத்தனையோ நாடுகளில் ஆற்றுக்காக எத்தனையோ வழக்குகள் நடந்திருக்கின்றன. ஆற்றின் உயிர் பற்றிய சாட்சியத்தை நீதிமன்றத்துக்குள் கொண்டு சேர்த்த வழக்கு ஒரு மாட்டுக்கொட்டகையின் வாய்க்காலிலிருந்து கிளம்பியது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

இதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு இன்னொரு விவகாரம் நடந்திருந்தது. வைக்காட்டோ ஆற்று முகத்துவாரத்தில் கிடைக்கும் இரும்பு மணலை ஆற்று நீரில் கலந்து, குழாய் வழியே எஃகு ஆலைக்குக் கொண்டுபோய், அந்த நீரை மானுக்காவ் வளைகுடாவில் விடுவது திட்டம். ஓர் ஆற்றின் நீரை இன்னொரு நீர்நிலையில் கலப்பதே மாவோரி நெறிப்படி தவறு. வெறும் இயற்கை கடந்த கவலைகளுக்குச் சட்டத்தில் இடமில்லை என்று தீர்ப்பாயம் சொல்லிவிட்டது. ஙானெக்கோ மின்ஹின்னிக் என்ற பெண்மணி கொண்டுசென்ற முறையீட்டின் மேல் 1985-இல் அறிக்கை தந்த வைத்தாங்கி ஆணையம், சட்டத்தில் இருக்கும் அந்த ஓட்டையை அடைக்கச் சொன்னது. சில்வெல்லின் தீர்ப்பு அந்த வழியில் வந்தது. 1991-இல் இயற்றப்பட்ட வள மேலாண்மைச் சட்டம், மாவோரிகளுக்கும் அவர்களுடைய முன்னோரின் நீர்நிலைகளுக்கும் உள்ள உறவைத் தேசிய முக்கியத்துவம் கொண்ட விஷயங்களின் வரிசையில் சேர்த்தது.

ஆறு எப்போது அழுக்காகிறது என்பதுதான் இதன் அடியில் கிடக்கும் தத்துவக் கேள்வி. ஒரு லிட்டரில் இத்தனை மில்லிகிராமைத் தாண்டும்போது என்பது ஒரு பதில். எது எதோடு சேரக்கூடாதோ அது சேரும்போதே என்பது இன்னொரு பதில். முதல் பதிலின்படி போதுமான அளவு தண்ணீர் இருந்தால் எந்தக் கழிவும் கரைந்து ஒன்றுமில்லாமல் போய்விடும். இரண்டாவது பதிலில் நீர்த்துப்போவதற்கு இடமே இல்லை.

மாவோரி மரபில் மலையும் ஆறும் மனிதரும் ஒரே வம்சாவளியில் வருகிறவர்கள். வானத் தந்தை ரங்கினுயியும் பூமித்தாய் பாப்பாதூவானுக்குவும் எல்லோருக்கும் பெற்றோர். ஒவ்வோர் ஆற்றுக்கும் அதற்கே உரிய உயிர்ச்சாரம் ஒன்று உண்டு. அதை மௌரி என்கிறார்கள். மௌரி நலமாக இருந்தால் விலாங்கு வரும், நீர்க்கீரை முளைக்கும், குழந்தைக்குச் சடங்கு செய்ய அந்தத் தண்ணீரை மொண்டு வரலாம். மௌரி நலிந்தால் கரையிலிருக்கும் மக்களும் நலிவார்கள். அதோடு ஒரு கறாரான நடைமுறை விதியும் உண்டு: மனிதக் கழிவோ விலங்குக் கழிவோ நீரைத் தொடுவதற்கு முன் மண் வழியாகப் போக வேண்டும். பூமித்தாய் வாங்கித் தூய்மையாக்கித் தந்தால்தான் அது மீண்டும் நீர். ஆய்வுக்கூடச் சான்றிதழோடு குழாய் வழியே வரும் கழிவை ஏற்காத மாவோரிப் பெரியவர்கள், அதே கழிவை முதலில் புல்வெளியில் பாய்ச்சினால் ஏற்றுக்கொள்ள முடிந்தது.

இந்த இடத்தில் வரலாற்றையும் சொல்லாமல் நகர முடியாது. வைக்காட்டோ சமவெளி இன்று நியூசிலாந்தின் பால் வளத்துக்குப் பேர்போன நிலம். 1863-இல் பிரிட்டிஷ் படை அந்தப் பகுதிக்குள் நுழைந்து போர் தொடுத்தது. அதன் பிறகு ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் நிலம் மாவோரிகளிடமிருந்து பறிமுதல் செய்யப்பட்டது. சதுப்பை வடித்து, காட்டை அழித்து, புல் விதைத்து, மாடு கட்டினார்கள். 1995-இல் நடந்த ஒப்பந்தத்தில் அரசி எலிசபெத்தின் ஒப்பத்தோடு மன்னிப்புக் கேட்கப்பட்டது. ஆற்றைப் பற்றிய ஒப்பந்தம் 2010-இல்தான் சட்டமானது. 425 கிலோமீட்டர் நீளமுள்ள வைக்காட்டோ ஆற்றில், அதன் முழு நீளத்திலும் மக்கள் அச்சமின்றிக் குளிக்கவும் உணவு எடுக்கவும் முடிய வேண்டும் என்பது அந்தச் சட்டம் வைத்திருக்கும் இலக்கு. நிலத்தை இழந்தவர்கள் ஆற்றின் உயிரைப் பற்றிப் பேசும்போது அதைக் கவிதை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அவர்களுடைய மேய்ச்சல் நிலமும் அன்று, அவர்களுடைய மாடும் அன்று. கழிவு மட்டும் அவர்களுடைய ஆற்றுக்கு வந்தது.

பிறகு மாடுகள் பெருகின. 1994-இல் நியூசிலாந்தில் 38 லட்சம் கறவை மாடுகள் இருந்தன. 2017-இல் 65 லட்சம். ஐம்பது லட்சம் பேர் வாழும் நாட்டில் மனிதரைவிடக் கறவை மாடுகள் அதிகம். கறக்கும் பாலில் ஏறத்தாழ 95 விழுக்காடு பால்பொடியாகவும் வெண்ணெயாகவும் பாலாடைக் கட்டியாகவும் வெளிநாட்டுக்குப் போகிறது. 2001-இல் இரண்டு பெரிய கூட்டுறவுகளும் பால் வாரியமும் சேர்ந்து ஃபான்டெரா என்ற பெருங்கூட்டுறவு உருவானது. தென்தீவின் கேன்டர்பரி சமவெளியில், முன்பு செம்மறியும் கோதுமையும் இருந்த நிலத்தில், தென் ஆல்ப்ஸ் மலை ஆறுகளின் நீரைச் சுழல்பாசன எந்திரங்களால் தெளித்துப் புல் வளர்த்தார்கள். அங்கே மாடுகளின் எண்ணிக்கை 1990-க்குப் பிறகு ஏறத்தாழப் பத்து மடங்கானது.

மாடு ஆற்றில் இறங்கிச் சாணம் போட்டால் கண்ணுக்குத் தெரியும். 2002-இல் மீன் மற்றும் வேட்டைக் கழகம் அழுக்குப் பால் தொழில் என்ற பொருளில் ஓர் இயக்கம் நடத்தியபோது நாடே பேசியது அந்தக் காட்சியைத்தான். அடுத்த ஆண்டே ஃபான்டெராவும் அரசும் உள்ளாட்சிகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன: ஓடைகளுக்கு வேலி போட வேண்டும், மாடு கடக்கும் இடத்தில் பாலம் வேண்டும். உழவர்கள் தங்கள் பணத்தைப் போட்டு வேலை செய்தார்கள். உடன்பாட்டின் வரையறைக்குள் வரும் ஓடைகளில் 97 விழுக்காட்டுக்கு மேல் இன்று மாடு நெருங்க முடியாதபடி வேலி இருக்கிறது. தாரனாக்கி எரிமலையின் அடிவாரத்தில் 1990-களில் தொடங்கிய கரைநடவுத் திட்டத்தில், மலையிலிருந்து கடல் வரை ஓடைக்கரைகளில் வேலியிட்டு உள்ளூர் மரங்களை நட்டார்கள். பிறகு ஆராய்ந்தபோது நீரில் குடல் கிருமிகள் குறைந்திருந்தன. நல்ல நீரில் மட்டும் வாழும் சிறு பூச்சிகள் திரும்ப வந்திருந்தன. இது உழவர்கள் கையால் செய்த வேலை. அதைக் குறைத்துப் பேசுவது நியாயமில்லை.

வேலிக்கு அடியில் புகுந்து போவது வேறு ஒன்று. மாடு புல்லில் தின்னும் தழைச்சத்தில், அதாவது நைட்ரஜனில், பெரும்பகுதியைப் பாலாக்குவதில்லை, மூத்திரமாக இறக்கிவிடுகிறது. அது விழும் இடம் ஒரு சிறு திட்டு. அந்தத் திட்டில் சேரும் நைட்ரஜனை ஒரு ஹெக்டேருக்குப் பெருக்கினால் 1000 கிலோ வரை வரும். அங்கே இருக்கும் புல் எவ்வளவு ஆவலாக உறிஞ்சினாலும் அதில் ஒரு பகுதியைத்தான் எடுக்க முடியும். மிஞ்சியதை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட் மண்ணோடு ஒட்டாது. இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் மழை பெய்யும்போது தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கி, நிலத்தடி நீரில் கலந்து, ஊற்றாகவும் ஓடையாகவும் வெளிவருகிறது. சாணத்தோடு போகும் மணிச்சத்தையும் கிருமியையும் வேலியும் கரையோர மரமும் தடுக்கும். நைட்ரேட்டை வேலி தடுக்காது. கேன்டர்பரியைப் போன்ற கூழாங்கல் நிலத்தில் அது சல்லடையில் ஊற்றிய நீராக இறங்கிவிடும்.

ஆற்றில் சேர்ந்த நைட்ரேட்டும் மணிச்சத்தும் பாசியை வளர்க்கின்றன. பகலில் பாசி ஆக்சிஜனை வெளியிடுகிறது. இரவில் அதுவே உறிஞ்சிக்கொள்கிறது. விடியலுக்கு முன் மீன்களுக்கு மூச்சு முட்டுகிறது. கோடையில் சில ஆறுகளில் நச்சுப் பாசி கூழாங்கல் மேல் கறுப்பாய்ப் படர்ந்து, அதைத் தின்ற நாய்கள் செத்துப்போகின்றன. கிறைஸ்ட்சர்ச் நகருக்குத் தெற்கே செல்வின் ஆற்றில் கோஸ் ஃபோர்ட் என்ற துறை உண்டு. குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக நீச்சலடித்த இடம். பாசனத்துக்கு நீர் இறைத்தது, மழை குறைந்தது, கழிவு சேர்ந்தது என்று எல்லாம் கூடி, அங்கே இறங்காதீர்கள் என்று பலகை வைக்கும் நிலைக்கு அது போயிற்று.

மாவோரி நெறிக்கே கடினமான கேள்வி இங்கேதான் எழுகிறது. கழிவை மண்ணுக்குக் கொடு, மண் தூய்மையாக்கும் என்று அந்த நெறி சொன்னது. நாடும் காலப்போக்கில் அந்தப் பக்கம் வந்தது. கொட்டகைக் கழிவை ஓடையில் விடுவதைக் குறைத்து, புல்வெளியில் பாய்ச்சும் முறைக்குப் பல பண்ணைகள் மாறின. ஆனால் மாட்டின் மூத்திரமும் மண் வழியாகத்தானே போகிறது? பூமித்தாயிடம் கொடுத்த பிறகும் அது நஞ்சாக வெளிவருகிறதே. அந்த விதி உருவான காலத்தில் இந்த நாட்டில் மாடே கிடையாது என்பது ஒரு விடை. விதியின் உட்பொருளை எடுத்துக்கொண்டால் இன்னும் ஆழமான விடை கிடைக்கிறது. தாய் வாங்கிக்கொள்வாள் என்பதற்கு, எவ்வளவு வேண்டுமானாலும் அவள் மேல் சுமத்தலாம் என்று எந்த மூதாதையும் பொருள் சொல்லியிருக்க மாட்டார். இங்கே வேதியியல் அந்த நம்பிக்கைக்குத் துணையாகவே வருகிறது. தாயின் தாங்குதிறன் எங்கே முடிகிறது என்று அது அளந்து காட்டுகிறது. 2021 முதல் மேய்ச்சல் நிலத்தில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 190 கிலோவுக்கு மேல் செயற்கைத் தழைச்சத்து இடக்கூடாது என்று விதி வந்திருப்பதும் அப்படி ஓர் எல்லைக்கோடுதான். மாடுகளின் எண்ணிக்கையை அது நேரடியாகத் தொடவில்லை.

காலம் என்ற ஒன்றும் இதில் இருக்கிறது. ரோட்டோருவா ஏரியைச் சுற்றி எரிமலைச் சாம்பல் மண். மழைநீர் அதில் இறங்கி ஊற்றாக வெளிவரப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. சில ஊற்றுகளில் நூறு ஆண்டுக்கு மேற்பட்ட நீர் வருகிறது. இன்று ஏரியில் சேரும் நைட்ரேட்டில் ஒரு பகுதி, இறந்துபோன உழவர்கள் மேய்த்த, இறந்துபோன மாடுகளுடையது. இன்றைய மாடுகளுடையது இனிப் பிறக்கப் போகிறவர்களிடம் போய்ச் சேரும். வாங்கியவரும் கொடுத்தவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவே மாட்டார்கள். ஒரு நடப்பு ஆண்டுக் கணக்கில், ஒரு தேர்தல் காலத்தில், இந்தக் கடன் எங்குமே பதிவாகாது. வம்சாவளியாகச் சிந்திக்கிற மரபுக்கு இது புதிதன்று. முப்பாட்டன் செய்தது பேரனைச் சேரும், பேரனுக்குச் சேர வேண்டியதை இன்றே காக்க வேண்டும் என்பது அங்கே அன்றாட நடத்தை விதி. நிலத்தடி நீரின் வேகத்துக்குப் பொருந்திய ஓர் அறவியல் தேவை என்றால், ஆற்றை மூதாதை என்று சொல்கிறவர்களிடம் அது ஏற்கெனவே இருக்கிறது.

அதற்காக அந்த மரபைச் சேர்ந்தவர்கள் கறை படாதவர்கள் என்று எழுதினால் அது பொய். தென்தீவின் ஙாய் தாஹு மக்கள் 1998-இல் அரசோடு ஒப்பந்தம் கண்டார்கள். பிற்பாடு அவர்களுடைய பண்ணை நிறுவனமே, வைமக்காரிரி ஆற்றுக்கு அருகில் ஐர்வெல் என்ற பைன் காட்டை வெட்டி, பாசனம் செய்து, பல ஆயிரம் ஹெக்டேரைக் கறவைப் பண்ணையாக மாற்றத் தொடங்கியது. அதே மக்கள் 2020-இல், தங்கள் பகுதியின் நன்னீர் மேல் தங்களுக்குள்ள அதிகாரத்தை ஏற்க வேண்டும் என்றும், ஆறுகள் சீரழிந்ததற்கு அரசு பொறுப்பேற்க வேண்டும் என்றும் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். இதைக் காட்டி, பார்த்தீர்களா, எல்லாம் வேஷம் என்று சொல்கிறவர்கள் உண்டு. அது அவசர முடிவு. நிலம் பறிபோய் நூற்றைம்பது ஆண்டு ஏழ்மையில் கிடந்த ஒரு சமூகம், கைக்கு வந்த நிலத்தில் சுற்றியிருப்பவர்கள் செய்த தொழிலையே செய்தது. ஆறு உறவினர் என்று நம்புவதும் ஆற்றுக்குத் தீங்கு செய்வதும் ஒரே மனிதருக்குள் குடியிருக்க முடியும். உறவினருக்குத் தீங்கு செய்யாத குடும்பம் எங்கே இருக்கிறது? அந்த நம்பிக்கை தீங்கைத் தீங்கு என்று பெயர் சொல்லி அழைக்கிறதா, தன் கையையும் கட்டுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

2017 மார்ச்சில் நியூசிலாந்து நாடாளுமன்றம் வாங்கனுய் ஆற்றைச் சட்டப்படி ஒரு நபர் என்று அறிவித்தது. மலையிலிருந்து கடல் வரை, துணையாறுகளோடு, கண்ணுக்குத் தெரிவதும் தெரியாததுமாக அது பிரிக்க முடியாத ஓர் உயிர் என்று சட்டம் ஏற்றது. ஆற்றின் சார்பில் பேச இருவர் நியமிக்கப்பட்டார்கள். ஒருவரை அரசும் மற்றவரை மாவோரிக் குலங்களும் முன்மொழிவார்கள். உலகப் பத்திரிகைகள் வியந்தன. தமிழ் வாசகருக்கு இதில் வியக்க அவ்வளவு இல்லை. கோயில் தெய்வம் சொத்து வைத்திருக்கவும் வழக்காடவும் முடியும் என்பது இந்தியச் சட்டத்தில் நூறு ஆண்டுப் பழக்கம். தஞ்சைப் பகுதியின் பத்தூர்க் கோயில், களவுபோன நடராசர் சிலைக்காக லண்டன் நீதிமன்றத்தில் வழக்காடி 1991-இல் மேல்முறையீட்டிலும் வென்று சிலையை மீட்டது. இடிந்து கிடந்த கோயிலை வழக்காடும் தரப்பாக அந்த நீதிமன்றம் ஏற்றது.

அதே 2017 மார்ச்சில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம், கங்கையும் யமுனையும் சட்டப்படி நபர்கள் என்று தீர்ப்பளித்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. வெள்ளத்தில் ஒருவர் இறந்தால் ஆற்றின் மேல் வழக்குப் போடுவதா, பல மாநிலங்களில் ஓடும் ஆற்றுக்கு ஒரு மாநில அதிகாரிகள் பொறுப்பாக முடியுமா என்று மாநில அரசே கேட்டது. நிர்வாகச் சிக்கல்களுக்கு அப்பால் இன்னொரு வேறுபாடும் இருக்கிறது. வாரணாசியில் பல ஆண்டு ஆய்வு செய்த மானுடவியலாளர் கெல்லி ஆலி, கங்கையில் அழுக்கு சேர்கிறது என்பதை ஒப்புக்கொள்ளும் பக்தர்களே, கங்கையின் புனிதம் மட்டும் எதனாலும் கெடாது என்று உறுதியாகச் சொல்வதைப் பதிவு செய்தார். அழுக்கு வேறு, தீட்டு வேறு. அன்னை எல்லாவற்றையும் கழுவிவிடுவாள். மாவோரியின் ஆறு அப்படியில்லை. அது காயப்படும், நலியும், செத்தும் போகும். இரண்டும் ஆற்றைத் தெய்வமாகக் காண்கின்றன. ஒன்றில் தெய்வத்தன்மை மனிதரின் கவலையை ஆற்றுகிறது. மற்றதில் கவலையை மூட்டுகிறது. மாடும் ஆறும் இரண்டுமே புனிதமாக இருக்கும் இந்தியாவில், நகரத்துப் பால் கொட்டகைகளின் சாணம் வாய்க்காலில் அடித்துச் செல்லப்பட்டு ஆற்றில் சேர்வது நின்றபாடில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பால் பண்ணைகளுக்கும் கோசாலைகளுக்கும் வழிகாட்டு விதிகளை 2020-இல் வெளியிட வேண்டி வந்தது. புனிதம் என்று சொல்லிவிட்டால் காவல் தானாக வந்துவிடும் என்று நம்ப இடமில்லை.

அந்தப் புனிதத்திலிருந்து கடமையின் வரிசை ஒன்று பிறக்க வேண்டும். அப்படி ஒரு வரிசையை நியூசிலாந்து 2020-இல் எழுதிப் பார்த்தது. நன்னீர் பற்றிய தேசியக் கொள்கை அறிக்கை, நீரின் மாண்பு என்ற மாவோரிக் கருத்தை அடித்தளமாக வைத்து மூன்று படிகளை வகுத்தது. முதலில் ஆற்றின் நலம். அடுத்து மக்களின் உடல்நலத் தேவை, குடிநீரைப் போன்றவை. அதன் பிறகே தொழிலும் வருமானமும். ஒரு நாட்டின் நிர்வாக விதியில் இப்படி ஒரு வரிசை இருப்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஆறும் உழவரும் தராசின் இரு தட்டுகளில் வைக்கப்படவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் யாருக்கு முதலில் இலை போடுவது என்பது முடிவு செய்யப்பட்டது.

வரிசையை எழுதுவது எளிது, அளவைக் குறிப்பது கடினம். அந்த அறிக்கை ஆறுகளில் நைட்ரேட் நைட்ரஜனுக்கு லிட்டருக்கு 2.4 மில்லிகிராம் என்று எல்லை வைத்தது. அதற்கு மேல் போனால் மீன்களையே அது நேரடியாக நஞ்சாகத் தாக்கும். ஆற்றின் உயிர்ச்சூழல் முழுதாக நலமாக இருக்க வேண்டுமானால் 1 மில்லிகிராம் என்று வைக்க வேண்டும் என அரசின் அறிவியல் ஆலோசனைக் குழுவில் பெரும்பான்மையோர் சொல்லியிருந்தார்கள். அது ஏற்கப்படவில்லை. குடிநீருக்கான எல்லையோ 11.3 மில்லிகிராம். கைக்குழந்தைகளின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாரிக்கும் நோயை மனத்தில் வைத்து வகுத்த அளவு அது. 2018-இல் டென்மார்க்கில் 27 லட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், அந்த எல்லைக்கு மிகக் கீழேயே பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு கூடுவதற்கான தொடர்பைக் கண்டார்கள். அது காரணத்தை மெய்ப்பிக்கிறதா என்ற வாதம் இன்னும் நடக்கிறது. எண்களைப் பற்றிய சண்டை எப்போதும் நடக்கும், நடக்கவும் வேண்டும். அந்தச் சண்டை முடியும்வரை யார் காத்திருக்க வேண்டும், ஆறா, தொழிலா? இதை எந்த ஆய்வுக்கூடமும் சொல்லாது. படிகளின் வரிசை சொன்னது அதைத்தான்.

2024-இல் ஆட்சியிலிருந்த புதிய கூட்டணி அரசு, தனித்தனி அனுமதிகளை வழங்கும்போது அந்த வரிசையைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று சட்டம் திருத்தியது. உழவர்களுக்கு அது செலவையும் தாமதத்தையும் கூட்டுகிறது என்பது அரசு சொன்ன காரணம். உழவர்களின் சிரமம் உண்மையானது. வங்கிக் கடனில் நிலம் வாங்கி, உலகச் சந்தை வைக்கும் விலைக்குப் பால் ஊற்றி, ஆண்டுதோறும் மாறும் விதிகளுக்கு ஈடுகொடுக்கும் குடும்பங்கள் அவை. அந்தச் சிரமத்தைத் தீர்க்க ஆற்றின் இலையை எடுத்துப் போட்டது, சில்வெல் திறந்துவிட்ட வாசலை முப்பத்தேழு ஆண்டு கழித்து மறுபடி சாத்துகிற செயல்.

வாசலுக்கு வெளியேயும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. கெயில் டிப்பா என்ற ஙாய் தாஹு ஆய்வாளரும் லாரல் டியர்னி என்ற அறிவியலாளரும் ஓடைகளுக்கான பண்பாட்டு நலக் குறியீடு ஒன்றை உருவாக்கினார்கள். கரையைச் சேர்ந்த மக்கள் நேரில் போய் மதிப்பிடுகிறார்கள். இங்கே முன்னோர் வந்தார்களா? அவர்கள் எடுத்த உணவு இன்றும் கிடைக்கிறதா? நீங்கள் மறுபடி இங்கே வருவீர்களா? பிறகு நீரின் தெளிவு, ஓட்டம், கரையின் செடிகொடிகள். இந்த மதிப்பீட்டைப் பூச்சியியலாளர்களின் குறியீட்டோடு ஒப்பிட்டபோது இரண்டும் பெரிதும் ஒத்துப்போயின. உணவைக் கேள்வியில் சேர்த்திருப்பதற்கு விலாங்கு ஒரு காரணம். நியூசிலாந்தின் நீளத்துடுப்பு விலாங்கு பல பத்தாண்டுகள் ஆற்றில் வாழ்ந்து, வாழ்நாளில் ஒரே முறை வெப்பமண்டலப் பசிபிக் கடலுக்கு நீந்திப்போய் முட்டையிட்டு இறந்துவிடும். விருந்தாளிக்குத் தன் ஆற்றின் விலாங்கைப் படைக்க முடியாத குலம் தலைகுனிகிறது. விருந்தோம்பலைக் குடியின் மானமாகக் கருதும் எவருக்கும் இந்த வலி உடனே புரியும்.

நம்பிக்கை தன் கையையும் கட்டுகிறதா என்று பார்க்க இன்னோர் இடம் உண்டு. வடதீவின் நடுவிலுள்ள டாவ்போ ஏரியிலிருந்துதான் வைக்காட்டோ ஆறு கிளம்புகிறது. ஏரியின் அடித்தளத்துக்கான உரிமையை 1992-இல் திரும்பப் பெற்றவர்கள் தூவாரெத்தோவா என்ற மாவோரி மக்கள்; சுற்றியுள்ள நிலத்தில் பெரும்பங்கும் அவர்களுடையது. அந்த நிலத்தில் பெரும்பகுதி காடாகவே கிடந்தது, வளர்ச்சி தாமதமாக வந்தது. ஏரியில் சேரும் நைட்ரஜனுக்கு உச்சவரம்பு போட வேண்டும் என்ற பேச்சு வந்தபோது, முன்பே மாடு வளர்த்தவர்களுக்கு அவர்கள் வெளியிட்ட அளவை ஒட்டிப் பங்கு கிடைக்கும், காடாக வைத்திருந்தவர்களுக்குக் குறைவாகக் கிடைக்கும் என்று ஆயிற்று. குறைவாகக் கெடுத்தவர்களுக்கே எதிர்காலம் அதிகம் அடைபட்டது. இதன் அநியாயத்தை அவர்கள் எடுத்துச் சொன்னார்கள். சொல்லிவிட்டு, ஏரியைக் காக்க வேண்டும் என்ற நிலையிலிருந்து இறங்காமல் உச்சவரம்புக்கும் உடன்பட்டார்கள். மத்திய அரசும் உள்ளாட்சிகளும் ஏறத்தாழ 8 கோடி டாலர் போட்டு ஓர் அறக்கட்டளை அமைத்தன. அது உழவர்களிடமிருந்து நைட்ரஜன் வெளியிடும் உரிமையை விலைக்கு வாங்கியது, சில நிலங்களைக் காடாக்கியது. 2015-க்குள் ஆண்டுக்கு 170 டன் நைட்ரஜன் நிரந்தரமாகக் குறைக்கப்பட்டது. பழைய பண்ணைகளின் நைட்ரேட் இன்னும் மண் வழியே வந்துகொண்டிருப்பதால், அந்தக் குறைப்பின் முழுப் பலன் ஏரியில் தெரிய இன்னும் பல பத்தாண்டுகள் ஆகும். கையெழுத்திட்டவர்கள் அதைத் தெரிந்தேதான் கையெழுத்திட்டார்கள்.